கயிறு பிடித்தவர்

எங்கள் ஊர்ப் பெரியோர் மண்டபத்தில் இடம் பிடிக்க வேண்டுமானால் முதல் தகுதி, செத்திருக்க வேண்டும். மற்றத் தகுதிகளைப் பேசி, சரிக்கட்டி, சிபாரிசு பிடித்து வாங்கிக்கொள்ளலாம். இதை மட்டும் அவரவரே செய்தாக வேண்டும். என் மாமாவுக்காக அந்த விதியையும் தளர்த்தினார்கள். உயிரோடு இருக்கும்போதே மார்பளவுச் சிலை. திறந்துவைக்கத் துறைமுக அமைச்சர் வருகிறார் என்று மண்டபத்தின் செயலாளர் வந்து சொன்னபோது நான் ஏணிமேல் நின்று கண்ணாடிப் பெட்டி துடைத்துக்கொண்டிருந்தேன். இறங்கி வந்து, "ரொம்பச் சந்தோஷம் சார்" என்றேன். அந்த ஒரு பொய்க்கே எனக்கும் ஒரு சிலை வைக்கலாம்.

நான் அந்த மண்டபத்தின் வழிகாட்டி. துறைமுகத்தின் ஓரத்தில் இருந்த பழைய சுங்கக் கிடங்குதான் இப்போது மண்டபம். கீழே கல்தளம், மேலே பலகைத்தளம். பலகைத்தளத்தின் நடுவில் ஒரு சதுரத் திறப்பு இருக்கிறது. அந்தக் காலத்தில் அதன் வழியாகத்தான் மூட்டைகளைக் கயிறு கட்டி மேலே ஏற்றுவார்கள். வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் தலைகுப்புற விழாமல் இருக்க அதைச் சுற்றி இடுப்பளவுக்குக் கம்பி போட்டிருக்கிறார்கள்.

கீழே சுவரோரமாக வரிசையாகப் பெரியோர்கள். முதலில் கலங்கரை விளக்கம் கட்டிய பொறியாளர். உண்மையில் அவர் கட்டியது இரண்டு. முதலாவதைக் குன்றுக்குப் பின்னால் கட்டிவிட்டார்; வெளிச்சம் ஊருக்குத் தெரிந்தது, கப்பலுக்குத் தெரியவில்லை. சிலைக்கடியில் இரண்டாவதைப் பற்றி மட்டும் எழுதியிருக்கிறது. அடுத்தது, குடிநீர்க் குழாய் கொண்டுவந்த வணிகர். தண்ணீரைக் கொடுத்துவிட்டுக் கடற்கரை நிலத்தை எல்லாம் எடுத்துக்கொண்டவர். மூடுபனியில் மோப்பம் பிடித்தே கப்பலைக் கரை சேர்த்த மாலுமி ஒருவரும் இருக்கிறார். சிலையில் அவருக்கு மூக்குத்தான் உடைந்திருக்கிறது. பிறகு கொள்ளைநோய்க் காலத்து டாக்டரம்மா. நோயோடு வந்த கப்பல்களை உள்ளே விடமாட்டேன் என்று படகில் போய் வழிமறித்தார். சரக்கு அழுகிப்போன வியாபாரிகள் அவர் வீட்டு ஜன்னலில் ஒரு கண்ணாடி மிச்சம் வைக்கவில்லை. அந்த வியாபாரிகளின் பேரன்கள்தான் பின்னால் ஒன்றுகூடிப் பளிங்குச் சிலை வைத்தார்கள். இத்தனை பேரில் டாக்டரம்மா ஒருவரைத்தான் நான் மனதாரத் துடைப்பேன். மற்றவர்களுக்குச் சம்பளத்துக்குத் தகுந்த துடைப்பு.

நடுச்சுவரில், எல்லாவற்றையும்விடப் பெரிதாக, ஒரு புகைப்படம் தொங்குகிறது. நான் சிறுமியாக இருந்தபோது துறைமுக வாயிலில் ஒரு சரக்குக் கப்பல் மூழ்கி வழியை அடைத்துக்கொண்டது. வேறு எந்தக் கப்பலும் உள்ளே வர முடியாமல் ஊரே முடங்கிப்போனது. சுமை தூக்குகிறவர்கள் வீட்டுப் பாத்திரங்களை விற்றுச் சாப்பிட்டார்கள். கடைசியில் கப்பலுக்கடியில் சங்கிலிகள் கோத்து அதைத் தூக்கி இழுத்துப் போட்டார்கள். தூக்கிய அன்று எடுத்த படம் அது. பின்னால் தண்ணீருக்கு மேலே கப்பலின் முதுகு. முன்னால் மிதவையின்மேல் கவர்னர், துறைமுகத் தலைவர், இன்னும் பல தொப்பிகள். அவர்களுக்கு நடுவில் மீசையை முறுக்கி விட்டுக்கொண்டு இளைஞராக என் மாமா, அம்மாவின் தம்பி. அந்த வேலையை முன்நின்று நடத்தியவர் என்று அவருக்குப் பெயர் கிடைத்தது. அதை வைத்தே குத்தகைகள், இழுவைப் படகுகள், மாளிகை எல்லாம் வந்தன. ஆஸ்பத்திரிக்கு ஒரு கட்டடம் கட்டிக் கொடுத்தார். ஊர் அவரைக் கப்பல் தூக்கியார் என்று கூப்பிடுகிறது, ஏதோ தோளில் வைத்துத் தூக்கியதுபோல.

படத்துக்குக் கீழே ஒரு பலகை. அதில் கடைசி வரி இது: "இப்பணியின்போது முக்குளிப்பவர் ஒருவர், மது அருந்தியிருந்த நிலையில், தம் கவனக்குறைவால் உயிரிழந்தார்." அந்த ஒருவர் என் அப்பா. வருகிற ஒவ்வொரு கூட்டத்துக்கும் அந்த வரியை வாய்விட்டுப் படித்துக் காட்டுவது என் வேலை. படித்து முடித்ததும் எவனாவது ஒருவன், "குடிச்சிட்டா கடலுக்குள்ள இறங்கினாரு? தைரியசாலிதான்" என்று சிரிப்பான். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பேன். வேறு நல்ல வேலைகள் எனக்குக் கிடைக்காமல் இல்லை. மாமாவுக்கு என்றாவது ஒரு நாள் அந்த மண்டபத்தில் மேடை போடுவார்கள் என்று தெரியும். அன்றைக்கு நான் வெளியே நிற்கக் கூடாது. அதற்காகத்தான் அங்கே தவம் கிடந்தேன்.

அந்தப் படத்தில் என்ன தப்பு என்பது கடலுக்குள் இறங்குகிறவர்களின் குடும்பங்களுக்கு மட்டும்தான் தெரியும். எங்கள் தொழிலில் கீழே இறங்குகிறவருக்கும் மேலே இருப்பவருக்கும் நடுவில் இரண்டு இணைப்புகள். ஒன்று காற்றுக் குழாய். அதற்குப் பம்ப் சுற்ற ஓர் ஆள். இன்னொன்று இடுப்பில் கட்டிய கயிறு. அதன் மறுமுனையைப் பிடிக்க ஓர் ஆள். செப்புக் கவசம் மாட்டிக்கொண்டு கீழே போனவரால் பேச முடியாது, கயிற்றை இழுத்துத்தான் பேசுவார். ஒரு இழுப்பு என்றால் நலம். இரண்டு என்றால் தளர்த்து. நாலு என்றால் உடனே மேலே தூக்கு. கயிறு பிடித்தவர் ஆள் மேலே வரும்வரை அதிலிருந்து கையை எடுக்கக் கூடாது. சிகரெட் கூடாது, சாப்பாடு கூடாது, யார் வந்தாலும் வணக்கம் கூடாது. ஒன்றில் கட்டிவைக்கவே கூடாது. இரும்புக்கு இழுப்பது தெரியாது.

கயிற்றை எவனிடமும் கொடுத்துவிட மாட்டார்கள். மனைவியின் உடன்பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும். சொந்த அண்ணன் தம்பிக்குக்கூடச் சொத்தில் பங்கு என்ற ஆசை வரலாம். அக்கா தனியாக நிற்கக் கூடாது என்று நினைக்கிறவன் கையில்தான் கயிறு பத்திரம் என்று கணக்கு. இறங்கும் நாளில் மனைவி துறைமுகத்துப் பக்கமே வரக் கூடாது. உடன்பிறந்தவளைப் பார்த்து அவன் தலையைத் திருப்பிவிட்டால் என்ன ஆவது? அம்மா அன்று வீட்டை விட்டு வெளியே வரவில்லை. ஊரே கரையில் திரண்டு நின்று கப்பல் எழும்புவதைப் பார்த்தபோது, அதன் அடியில் சங்கிலி கோத்தவரின் மனைவி அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள்.

படம் எடுத்த நேரத்தில் அப்பா இன்னும் கீழேதான் இருந்தார். கடைசிச் சங்கிலியைச் சரிபார்க்க இறங்கியவர் மேலே வரவில்லை. படத்தின் ஓரத்தில் பம்ப் சக்கரமும் அதைச் சுற்றுகிற முழங்கையும் தெரியும். நடுவில் நிற்கிற மாமாவின் இரண்டு கைகளும் தெரியும். ஒன்று மீசையில், ஒன்று இடுப்பில்.

நடந்ததைப் பம்ப்காரர்தான் அம்மாவிடம் வந்து சொன்னார். கவர்னர் "யார் அந்த இளைஞன், அவனையும் கூப்பிடு" என்றதும் மாமா கயிற்றை மிதவையில் படகு கட்டும் இரும்புக் குற்றியில் சுற்றிவிட்டுப் போனாராம். தூக்கிய கப்பல் அந்த நேரம் பார்த்துக் கொஞ்சம் நகர்ந்து, காற்றுக் குழாய் சங்கிலிக்கும் கப்பலுக்கும் நடுவில் நசுங்கியது. குற்றியில் கட்டிய கயிறு நாலு முறை துடித்தது. கொஞ்சம் விட்டு மறுபடியும் நாலு முறை. பம்ப்காரர் சக்கரத்தை விட்டுவிட்டு ஓட முடியாது. விட்டால் இருக்கிற காற்றும் போய்விடும். தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார். பேண்டு வாத்தியத்தில் யார் காதிலும் விழவில்லை. விசாரணையில் மாமா நாக்கூசாமல் சொன்னார், "கயித்த நான் விடவே இல்ல. அவர் இழுக்கவும் இல்ல. காலையிலேயே வாயில வாசனை வந்துச்சு." பம்ப்காரர் சொன்னதை யார் நம்புவார்கள்? படத்தில் கவர்னர் பக்கத்தில் நின்றவர் யார், ஓரத்தில் முழங்கை மட்டும் தெரிந்தவர் யார்?

என் அப்பா டீயைக்கூட ஆறவைத்துக் குடிக்கிற ஆள்.

அம்மா அன்றிலிருந்து தம்பியோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் அனுப்பிய சாமான் மூட்டைகளைக் கட்டுப் பிரிக்காமல் திருப்பி அனுப்பினாள். கித்தான் தைக்கிற பட்டறையில் சேர்ந்து, படகுகளுக்கும் லாரிகளுக்கும் மேல்விரிப்பு தைத்து என்னை வளர்த்தாள். ஆனால் அவரைத் திட்டியும் நான் கேட்டதில்லை. நான் எப்போதாவது மாமா பேச்சை எடுத்துக் கொதித்தால், "விளக்க அணை, கரண்டு வீணாப் போவுது" என்பாள். எனக்கு அதுதான் ஆறவே ஆறாது. என் கோபத்துக்குத் துணையாக இந்த உலகத்தில் இருந்தது அவள் ஒருத்தி, அவளும் வாயைத் திறக்கவில்லை.

சிலை செய்தி வந்த வாரத்திலேயே மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். அவருடைய கார் எங்கள் சந்துக்குள் நுழையாது. தடியூன்றி நடந்து வந்து, வாசலில் மூச்சு வாங்க நின்றார். மீசை வெள்ளையாகி, தோள் இறங்கி, பார்க்கிறவர்களுக்கு இரக்கம் வரும்படிதான் இருந்தார். எனக்கு வரவில்லை. அம்மா தையல் மெஷினில் ஒரு பச்சைக் கித்தானை ஓட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"நல்லா இருக்கியா கண்ணு?" என்றார் என்னிடம்.

"நீங்க இருக்கிற வரைக்கும் எங்களுக்கு என்ன குறை" என்றேன்.

அதைக் காதில் வாங்காததுபோல அம்மா பக்கம் திரும்பினார். "அக்கா, மண்டபத்துல எனக்குச் சிலை வைக்கிறாங்க. நான் கேக்கல, அவங்களா வைக்கிறாங்க. நீ வரணும்க்கா. எனக்கு இருக்கிறது நீ ஒருத்திதான். நீ முன்னால உக்காந்திருந்தா போதும், ஒண்ணும் பேச வேணாம்."

மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. துணியின் ஓரம் வந்ததும் அம்மா சக்கரத்தைக் கையால் நிறுத்தினாள்.

"எத்தனை மணிக்கு?" என்றாள்.

இத்தனை காலத்துக்குப் பிறகு தம்பியிடம் அவள் பேசிய முதல் பேச்சு அது. மாமாவின் கண் கலங்கிவிட்டது. எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. அவரைச் சந்துமுனை வரைக்கும்கூட வழியனுப்பாமல் கதவைச் சாத்தினேன்.

"புருஷனக் குடிகாரன்னு எழுதின சுவத்துக்குக் கீழ போய் உக்காரப் போறியா? தம்பி பாசம் இப்பதான் பொங்குதா?"

"கிட்டத்துல ஒரு தடவ பாக்கணும் அவன."

"இப்பதான பாத்த. நல்லாத்தான் இருக்காரு. தின்னுட்டுத் தின்னுட்டுக் கன்னத்துல மினுமினுப்பு."

"நூல் அறுந்துபோச்சு. ஊசியில கோத்துக் குடு, கண்ணு சரியாத் தெரியல."

கோத்துக் கொடுத்தேன். வேறென்ன செய்வது? அம்மாவையும் எதிரிக் கூட்டத்தில் சேர்த்து எழுதிக்கொண்டு படுத்தேன்.

மறுநாள் செயலாளரிடம் போனேன். நல்ல மனிதர், ஆனால் பத்திரிகையில் பெயர் வரும் என்றால் கிணற்றில்கூட இறங்குவார். "சார், சும்மா துணியை விலக்கிச் சிலையைத் திறந்தா என்ன இருக்கு? ஐயா அந்தக் காலத்துல கயிறு பிடிச்சவரு. மேல் தளத்துல திறப்புக்கிட்ட நாற்காலி போட்டு அவர உக்கார வைப்போம். கயித்த அவர் கையில குடுத்து, மறுமுனையக் கீழ இறக்குவோம். கீழ்த்தளம்தான் கடல்னு வச்சுக்குவோம். நான் கீழ நின்னு அந்தத் தொழில் எப்படின்னு ஜனங்களுக்கு விளக்குறேன். அப்பதான் அமைச்சர் போய்க் கை குடுக்கணும். படம் எப்படி வரும் பாருங்க."

செயலாளர் என்னை முதல்முறையாக நாற்காலியில் உட்காரச் சொன்னார். உடனே மாமாவுக்குப் போன் போட்டார். பேசி முடித்துவிட்டு, "ஐயா 'கயிறா?'ன்னு ரெண்டு தடவ கேட்டாரு. அப்புறம் சரின்னுட்டாரு" என்றார்.

அடுத்தது பம்ப்காரர். வயதான துறைமுகத் தொழிலாளர்கள் தங்கும் விடுதியில் ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தார். என் யோசனையைச் சொன்னதும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"புரியுதா தாத்தா? கயித்துல இருந்து கைய எடுக்கக் கூடாதுன்னு எல்லாருக்கும் முதல்ல சொல்லிடுவேன். சின்னக் குழந்தைக்குக்கூடப் புரியிற மாதிரி சொல்லுவேன். அப்புறம் அமைச்சர் கைய நீட்டுவாரு."

பல்லில்லாத வாயால் பம்ப்காரர் வெகுநேரம் சிரித்தார். "எடுத்துருவான். பெரிய மனுஷன் கை நீட்டினா அவன் கை தானாப் போயிரும். அது அவன் கையே இல்ல. என்னக் கூட்டிட்டுப் போவியா?"

"உங்களுக்குத்தான் முன்வரிசை. பழைய ஆளுங்க எத்தன பேர் நடக்குறாங்களோ அத்தன பேரையும் கூட்டிட்டு வாங்க."

மாமா கை எடுத்ததும் நான் என்ன சொல்ல வேண்டும் என்பதை வீட்டில் பாத்திரம் கழுவும்போது எல்லாம் சொல்லிப் பார்த்தேன். "அன்றைக்கும் இப்படித்தான் எடுத்தார். அந்தப் படத்தில் அவருடைய கைகளைப் பாருங்கள்." அவ்வளவுதான். இரண்டே வாக்கியம். அதற்குப் பிறகு அந்தப் படமே பேசிக்கொள்ளும்.

விழா நாளில் மண்டபம் நிரம்பி வழிந்தது. உள்ளே இடம் கிடைக்காதவர்களுக்காகத் தெருவில் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். மேலே திறப்பின் ஓரத்தில் நாற்காலி, அதன் முன்னால் பேசுவதற்கு மைக். பக்கத்தில் துணி போர்த்திய சிலை. கம்பிக்குப் பின்னால் அமைச்சரும் செயலாளரும் புகைப்படக்காரர்களும். கீழே முன்வரிசையில் பம்ப்காரரும் அவரோடு வந்த கிழட்டுப் பட்டாளமும். அவர்களுக்கு அடுத்து அம்மா, வெளுத்துத் தேய்த்த புடவையில், கைகளை மடியில் வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தாள். மாமா மேலிருந்து அவளைப் பார்த்துத் தலையசைத்தார். அவளும் தலையசைத்தாள்.

கயிறு திறப்பின் வழியாக இறங்கி வந்தது. அதன் நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு கல்தளத்தின் நடுவில் நின்றேன். மறுகையில் மைக். சொல்ல வேண்டியதை எல்லாம் நிதானமாகச் சொன்னேன். ஒரு இழுப்பு, இரண்டு இழுப்பு, நாலு இழுப்பு. சிகரெட் இல்லை, வணக்கம் இல்லை, கவர்னரே வந்தாலும் இல்லை. "கையை எடுத்தால் கீழே இருப்பவர் போய்விடுவார். அதனால்தான் மனைவியின் உடன்பிறந்தவனிடம் கொடுப்பார்கள்." ஒரு முறை இழுத்தேன். மேலேயிருந்து பதிலுக்கு ஒரு முறை இழுபட்டது. எல்லோரும் கை தட்டினார்கள். அந்த இழுப்பு பழகிய கையின் இழுப்பு, அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

செயலாளர் கண் காட்டினார். அமைச்சர் முன்னால் வந்து, முகம் முழுக்கச் சிரிப்போடு வலது கையை நீட்டினார். புகைப்படக்காரர்கள் "ஐயா, இந்தப் பக்கம், இந்தப் பக்கம்" என்று குரல் கொடுத்தார்கள். நான் மைக்கை வாயருகே கொண்டுபோனேன்.

மாமா கையை எடுக்கவில்லை.

அமைச்சரின் கை அந்தரத்தில் நின்றது. செயலாளர் குனிந்து, "ஐயா, கை குடுங்கய்யா" என்று கெஞ்சினார். மாமா கயிற்றையே பார்த்துக்கொண்டு, "ஆள் கீழ இருக்கு" என்றார். மைக் முன்னாலேயே இருந்ததால் அது தெரு வரைக்கும் கேட்டது. அப்புறம் மண்டபமே அதிரும்படி கைத்தட்டல். அமைச்சர் நீட்டிய கையை மடக்கித் தானும் தட்டினார். எனக்குப் பின்னால் யாரோ, "பாத்தியா, இந்த வயசுலயும் என்ன கடமை உணர்ச்சி" என்று சொன்னார்கள்.

என் முகத்தில் ஈயாடவில்லை. நான் தோண்டிய குழி அவருக்கு மேடையாகிவிட்டது. அன்று செய்ய வேண்டியதை இன்று, ஒருவரும் சாகாத இடத்தில் செய்து காட்டி, அதற்கும் பாராட்டு வாங்கிக்கொண்டார். அப்பாவின் பெயரைத் துடைக்க எனக்குக் கிடைத்த ஒரே நாள் கைத்தட்டலில் போய்க்கொண்டிருந்தது. பம்ப்காரர் என்னைப் பார்த்தார். நான் மைக்கைத் தரையில் வைத்தேன். இரண்டு கைகளாலும் கயிற்றைப் பிடித்து நாலு முறை இழுத்தேன்.

அதை நான் யோசித்து வைத்திருக்கவில்லை. கோபத்தில் கை செய்தது.

மாமா நாற்காலியில் நிமிர்ந்தார். தடி விழுந்து பலகைத்தளத்தில் உருண்டது. எழுந்து, கம்பியில் முழங்காலை முட்டுக்கொடுத்து, கையை மாற்றி மாற்றிக் கயிற்றை இழுக்கத் தொடங்கினார். நான் விடவில்லை. கல்தளத்தில் காலை ஊன்றிக்கொண்டு என் பாரம் முழுவதையும் கயிற்றில் போட்டேன். கிழவருக்கு எங்கிருந்து அந்தப் பலம் வந்ததோ, என் குதிகால் தரையை விட்டு எழும்பியது. மறுபடியும் நாலு முறை இழுத்தேன். கைத்தட்டல் ஒவ்வொரு மூலையாக நின்றுபோனது.

"வரமாட்டேங்கிறாரே" என்றார் மாமா. பக்கத்தில் நின்ற செயலாளரிடம், உதவி கேட்பதுபோல. "மச்சான் வரமாட்டேங்கிறாரே."

செயலாளர் அவர் தோளைத் தொட்டார். மாமா உதறினார். கயிறு உரசி அவர் உள்ளங்கை கிழிந்திருக்க வேண்டும், அவர் பிடித்த இடத்தில் கயிறு சிவந்திருந்தது. எனக்குச் சட்டென்று பயம் வந்தது. பயம் என்றுதான் முதலில் நினைத்தேன். இரக்கம் என்று பிறகு புரிந்தது, அதற்காக என்மேலேயே எரிச்சலும் வந்தது. இத்தனை காலமும் அவர் எல்லாவற்றையும் மறந்துவிட்டுச் சுகமாகத் தூங்குகிறார் என்று நினைத்துத்தான் நான் அவரை வெறுத்தேன். அவர் எதையும் மறக்கவில்லை. என் பிடி தளர்ந்தது.

அப்போது அம்மா எழுந்து வந்தாள். வரிசையில் இருந்தவர்கள் காலை ஒதுக்கி வழி விட்டார்கள். என் பக்கத்தில் வந்து நின்று கையை நீட்டினாள்.

"குடு."

"வேணாம்மா, விடு, போதும். வீட்டுக்குப் போவோம்."

"குடுன்னு சொன்னேன்."

கொடுத்தேன். ஆயுள் முழுவதும் கித்தானில் ஊசி குத்திய கை. கயிற்றை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றி, அண்ணாந்து தம்பியைப் பார்த்தபடி நாலு முறை இழுத்தாள். நான் இழுத்ததுபோல இல்லை. ஒவ்வொன்றாக, தெளிவாக, கேட்கிறவனுக்குச் சந்தேகமே வராதபடி இழுத்தாள்.

மாமா கம்பிக்கு மேல் எட்டிப் பார்த்தார். யார் இழுக்கிறார்கள் என்று பார்த்ததும் அவர் கைகள் நின்றன. ஆனால் கயிற்றை விடவில்லை.

"அக்கா."

அம்மா நாலு முறை இழுத்தாள்.

"அக்கா, வேணாம்க்கா." அவர் குரல் ஒலிபெருக்கியில் தெருவெல்லாம் போனது. "நான் கயித்தப் பிடிச்சிருக்கலக்கா. குற்றியில கட்டிட்டுப் போட்டோவுக்குப் போயிட்டேன். திரும்பி வந்து பாத்தப்ப கயிறு சும்மா கிடந்துச்சு. மச்சான் குடிக்கல. அவர் என்னைக்குக் குடிச்சாரு? நான்தான் அப்படிச் சொன்னேன்."

அமைச்சர் ஒரு அடி பின்னால் நகர்ந்து நின்றுகொண்டார். பம்ப்காரர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு குலுங்கினார். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. நான் சொல்லிப் பார்த்து வைத்திருந்த இரண்டு வாக்கியத்தைவிட அதிகமாக, அவர் வாயாலேயே, ஊர் முழுக்கக் கேட்கும்படி கிடைத்துவிட்டது. அம்மாவின் தோளைப் பிடித்தேன்.

"சொல்லிட்டாரும்மா. எல்லாருக்கும் கேட்டுச்சு. வா, போகலாம்."

அம்மா என் கையைத் தோளிலிருந்து எடுத்துவிட்டாள். மேலேயிருந்து பதில் வருகிறதா என்று பார்ப்பவள்போலக் கயிற்றைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு மறுபடியும் நாலு முறை இழுத்தாள்.